அன்றாட உலா: கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரைத் தினசரி வாகனமாகக் கொள்வது குறித்த ஓர் ஆய்வு

ஆய்வு வினா

விலை ஒரு கோடியை நெருங்கும். இருக்கைகள் இரண்டே. துணிக்கூரை, பொத்தானை அழுத்தினால் பின்பக்கம் மடங்கிக் காணாமல் போய்விடும். இப்படியொரு வாகனத்தில் பால் வாங்கவும், ஆபீஸ் போகவும், பிள்ளையைப் பாட்டு கிளாஸில் இறக்கிவிடவும் இயலுமா? இதுவே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட வினா. தமிழாய்வுலகம் இதுவரை இதைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் எளிது. ஆய்வு செய்கிறவரிடம் கார் இருப்பதில்லை. கார் வைத்திருப்பவருக்கு ஆய்வு தேவைப்படுவதில்லை. தற்செயலாக ஒரு கார்க்காரரும் ஓர் ஆய்வாளரும் ஒரே அடுக்ககத்தில் குடியிருக்க நேர்ந்ததால் இக்கட்டுரை பிறந்தது.

களம், பெருங்குடிக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சென்னை. ஆய்வு மாதிரி, எங்கள் அடுக்ககத்தின் பி பிளாக்வாசி ஒருவர். அகத்திணை மரபில் தலைவனின் பெயரைச் சுட்டுவது குற்றம். ஆய்வு நெறியும் இன்று அதையே சொல்வதால் அவர் இனி 'தலைவன்' என்றே குறிக்கப்படுவார். அவர் வாகனம் பி.எம்.டபிள்யூ. இசட்4. அந்த நிறுவனத்துக்கு 2007 முதல் மகிந்திரா சிட்டியிலேயே ஆலை உண்டு. ஆனால் இந்த வண்டி அங்கிருந்து வந்ததன்று. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கட்டப்பட்டு, முழு வண்டியாகக் கப்பலேறி, வரிமேல் வரி கட்டி வந்தது. தமிழ்நாட்டு வாழ்நாள் சாலை வரியும் அதன்மேல் ஏறியது. அந்தச் சாலை வரித் தொகைக்கு ஒரு நல்ல எஸ்யூவி வாங்கிவிடலாம் என்பதைத் தலைவி பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். தலைவி கூற்றுகள் அனைத்தும் இங்கே தொகுக்கப்படவில்லை.

முன்னோடிகள்

ஆடம்பரத் திறந்த வாகனத்தை அன்றாடத் தேவைக்குப் பயன்படுத்த முனைந்த முதல் தமிழர் பறம்பு மலைப் பாரி. படர வழியின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே கொழுகொம்பாக நிறுத்திவிட்டு வந்தார் என்பது ஊரறிந்த செய்தி. இதை வள்ளன்மை என்று மட்டுமே இதுவரை படித்துவந்தோம். வாகனவியல் நோக்கில் இதற்கு வேறொரு வாசிப்பும் உண்டு: கூரையில்லா வண்டியால் வேறெந்தப் பயனும் இல்லை என்பதை நேரில் உணர்ந்த ஒருவர், கிடைத்த முதல் நல்ல காரணத்தில் அதைக் காட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வீடு திரும்பியிருக்கிறார்.

மேலை நாட்டு வரலாறும் இதற்கு மாறானதன்று. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்குக் கூரையே கிடையாது. தொடக்கத்தில் எல்லாக் காரும் திறந்த கார்தான். கூரையும் கண்ணாடியும் பணக்காரர் விவகாரம். 1920களில் அமெரிக்காவில் மூடிய கார் மலிந்ததும் சாதாரண ஜனங்கள் அவசர அவசரமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே நின்றது வசதியுள்ள சிறுபான்மை. திறந்த கார் அன்றுமுதல்தான் ஆடம்பரம் ஆயிற்று.

துணிக்கூரைக்கு மாற்றாக, உலோகக் கூரையே பின்பெட்டிக்குள் போகும் பொறியமைப்பை 1930களில் பிரான்ஸில் வகுத்தவர் ஜார்ஜ் போலான். பெஜோ நிறுவனம் அதைத் தன் 'எக்லிப்ஸ்' கார்களில் கொண்டுவந்தது. போலான் தொழிலால் பல் மருத்துவர். நாள் முழுக்க 'ஆ காட்டுங்க' என்று சொல்லிப் பழகிய ஒருவருக்கே காரைப் பார்த்தும் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் துணிபு. (நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுத் தலைமறைவு இயக்கத்தில் பணியாற்றிய அவர் 1942இல் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்த ஒரு வரிக்காவது கேலியை நிறுத்திக்கொள்வது முறை.)

1976இல் காடிலாக் எல்டொராடோவை 'அமெரிக்காவின் கடைசிக் கன்வெர்டிபிள்' என்று சொல்லி விற்றார்கள். பின்னால் விலை ஏறும் என்று நம்பி வாங்கிப் பூட்டி வைத்தவர்கள் உண்டு. 1984இல் அதே காடிலாக் மறுபடியும் கூரை திறக்கும் எல்டொராடோவைக் கொண்டுவந்ததும் அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கின் முடிவு நமக்கு முக்கியமில்லை. அதில் ஓட்டுவதற்காக வாங்கியவர்களின் குரல் கேட்கவில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

நிலமும் பொழுதும்

வெயில் அரிதாகிய ஜெர்மனியிலும், மழை ஓயாத பிரிட்டனிலும் இவ்வகைக் கார்கள் நன்றாகவே விலைபோகின்றன. முரணாகத் தோன்றினாலும் காரணம் தெளிவு. ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் தலைகாட்டும் சூரியனுக்குத்தான் கூரையைத் திறந்து வரவேற்பு கொடுக்கத் தோன்றும். தினமும் அழைக்காமலே வந்து உட்காரும் விருந்தாளிக்கு யாரும் தோரணம் கட்டுவதில்லை. அந்நாட்டுப் பொறியாளர்களின் கவலையே வேறு. 2004இல் மெர்சிடிஸ் தன் எஸ்எல்கே காரில், தலை சாயும் இடத்திலிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று வரும் வசதியை வைத்தது. சென்னையில் இதே வசதியை முன்னால் போகும் பஸ்ஸின் புகைக்குழாய் கட்டணமின்றி வழங்குகிறது.

பள்ளிப் பாடநூல்படி ஆண்டுக்குப் பெரும்பொழுது ஆறு. நாளுக்குச் சிறுபொழுது ஆறு. பெருக்கினால் முப்பத்தாறு கட்டங்கள். இவற்றுள் கூரை திறக்க உகந்தவை எத்தனை? இளவேனிலை முதலில் அடித்துவிடலாம். 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. முதுவேனில் அதன் தொடர்ச்சி. கார்காலத்தில் மாலை திடீரென்று இடித்துக் கொட்டும். கூதிரில் வடகிழக்குப் பருவமழை. ஆண்டில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பங்கு அப்போதுதான் இறங்குகிறது. எஞ்சுவது முன்பனியும் பின்பனியும். இவ்விரண்டிலும் காலை, மாலையைப் போக்குவரத்து தின்றுவிடுகிறது, நண்பகலும் எற்பாடும் மெட்ரோ ரயில் பணித் தூசிக்குச் சொந்தம், யாமம் கொசுவுக்கு. தேறியவை முன்பனி வைகறை, பின்பனி வைகறை ஆகிய இரண்டு. முப்பத்தாறில் இரண்டு. அதிலும் போகியன்று டயர் புகை காரணமாக ஒரு நாள் கழிவு. தலைவனின் ஆபீஸ் ஒன்பதரைக்குத் திறக்கிறது.

அடுத்தது நிலம். இங்கே ஆய்வாளர் எதிர்பாராத ஒரு முடிவை எட்டினார். வேகத்தடையே இக்கார்களின் எமன் என்பது பொதுநம்பிக்கை. இசட்4இன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி சுமார் 11 சென்டிமீட்டர்தான். இந்தியச் சாலைக் காங்கிரசின் விதியோ, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக வளைய வேண்டும் என்கிறது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே நூலிழைதானே என்று அஞ்சத் தேவையில்லை. காரின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 2.47 மீட்டர். நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும்போது வயிற்றுக்கு நேரே மேடு எழும்புவது நாலரை சென்டிமீட்டர் மட்டுமே. ஆறு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம். கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தாயிற்று.

ஆகவே விதிப்படி கட்டிய வேகத்தடை ஸ்போர்ட்ஸ் காரை ஒன்றும் செய்யாது. மிச்சமான தாரைக் கொண்டு, சாலை போட்ட தொழிலாளியைக் கெஞ்சி, தெருவாசிகள் தங்கள் வீட்டு வாசலில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிக்கொள்ளும் வேகத்தடைக்குத்தான் எந்த வட்டமும் இல்லை, எந்த ஆரமும் இல்லை. அதைக் கடக்கத் தலைவன் கையாளும் முறை தனிச்சிறப்புடையது. வண்டியை ஓரத்துக்கு ஒடித்து, ஒரு சக்கரம், அப்புறம் இன்னொரு சக்கரம் என்று கோணலாக ஏற்றுகிறார். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். 340 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் நண்டுபோல் பக்கவாட்டில் ஊர்வதைக் கண்டு, எதிரே மீன்பாடி வண்டியில் வந்தவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, 'வா, வா, ரைட்ல ஒடி, அப்டியே வா' என்று கைகாட்டி உதவியது குறிப்பேட்டில் உள்ளது.

கூரையைத் திறக்கப் பத்து நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம் என்கிறது கையேடு. இந்த வேகவரம்பு பழைய மகாபலிபுரம் சாலையில் காலை ஒன்பது மணிக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

கருப்பொருள்

சுருக்கமாக. பின்பெட்டி 281 லிட்டர். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் தாராளமாகப் போகிறது. இருபது லிட்டர் தண்ணீர் கேன் சாய்ந்துவிடும் என்பதால் பக்கத்து இருக்கையில் வைக்கப்படுகிறது. எடை உணர்ந்த கார், பயணி பெல்ட் போடவில்லை என்று கூவத் தொடங்குகிறது. கேனுக்குப் பெல்ட் மாட்டிய பிறகே அடங்குகிறது. அடுக்ககத்துப் பூனைக்குத் துணிக்கூரை மிகவும் பிடித்துப்போயிற்று. எஸ்யூவிகளின் தகரக் கூரை மதியத்தில் சுடும். இது சுடினும் மெத்தை. நகத்தை அது அங்கேதான் தீட்டுகிறது. வாட்ச்மேன் விரட்டுவதில்லை. கேட்டால், 'எலி வராது சார், ஒயர் கடிக்காது' என்கிறார். தென்னை மரத்தடியில் இவ்வண்டியை நிறுத்தலாகாது என்பதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

கண்டோர் கூற்று

இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே. முதலில் இலக்கியப் பின்புலம். திறந்த ஊர்தியில் தலைவன் வீதிவழி வருவதும், கண்டவர் மயங்குவதும் தமிழில் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது. அதன் பெயர் உலா. சேரமான் பெருமாள் நாயனார் சிவபெருமானைப் பாடியது ஆதி உலா எனப்படும். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களைப் பாடினார். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்துப் பெண்டிரும் தலைவனைக் கண்டு தன்வசம் இழப்பது விதி.

ஆய்வாளர் பக்கத்து இருக்கையில் தண்ணீர் கேன் இல்லாத நாட்களில் தாமே அமர்ந்து, சிக்னல்தோறும் கண்டோரை உற்றுநோக்கினார். ஏழு பருவமும் இன்றும் உண்டு. ஆனால் யாரும் தலைவனைப் பார்ப்பதில்லை. ஸ்கூல் வேன் பிள்ளைகள் காருக்கு டாட்டா காட்டுகிறார்கள். பைக் இளைஞர் செல்போனை எடுத்து, தலைவனைச் சற்றே நகர்ந்து உட்காரச் சொல்லி, ஸ்டியரிங்கைப் படமெடுக்கிறார். மாநகரப் பேருந்தின் ஜன்னலோரப் பயணிக்கு இது மேலிருந்து பார்க்கும் மாடக்காட்சி. தலைவனின் வாட்சப், டிபன் பாக்ஸ், முன்வழுக்கை மூன்றும் அவருக்குத் திறந்த புத்தகம். காருக்கு வெயில் மறைப்பு விற்கும் பையன், கூரையே இல்லாத காரிடம் ஓடிவந்து, கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு வலையை நீட்டினான். 'மேல இல்லேன்னா சைடுக்காச்சும் போட்டுக்கோ சார்' என்பது அவன் வாதம். தர்க்கத்தில் குறை காண முடியவில்லை.

ஆட்டோ ஓட்டுநர்கள் பற்றித் தனியே எழுத வேண்டும். நந்தனம் சிக்னலில் பதிவான உரையாடல் இது.

"சார், லிட்டருக்கு எவ்ளோ சார் குடுக்குது?"

"பத்து, பதினொண்ணு..."

"சிட்டிலயா?"

"சிட்டில ஏழு வரும்."

ஓட்டுநர் தலையை மெல்ல ஆட்டினார். பொறாமை துளியும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவரின் முகம். கொஞ்சம் பொறுத்து, "மேல மூடிக்கிட்டு ஏசி போட்டுக்கலாம்ல சார்? வெயில்ல எதுக்குக் கஷ்டப்படுறீங்க?" என்றார். அவர் வண்டிக்கும் துணிக்கூரைதான், கதவும் இல்லை. அதை இருவருமே பேச்சில் எடுக்கவில்லை.

அகப்பொருள் நூலார் ஊர்ப்பேச்சை அம்பல், அலர் என இரண்டாகப் பகுப்பர். வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். பலரறிய வெளிப்பட்டால் அலர். கூரை மூடியிருக்கையில் எழுவது அம்பல்: 'யார் வண்டிடா, எம்.எல்.ஏ. பையனா?' கூரை திறந்ததும் அது அலராகிறது. அப்போது கேள்வி நேரே தலைவனிடமே வரும். பதிலும் சொல்லியாக வேண்டும்.

இக்கேள்விகளில் தலையாயதை மயிலாப்பூர் மாடவீதியில் பூக்கட்டும் அம்மா ஒருவர் கேட்டார். கார் நின்றதும் கையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து, "யாருக்குத் தம்பி கல்யாணம்? வண்டி ஜோடிக்கணுமா?" என்றார். இல்லை, சாமிக்கு ரெண்டு முழம் போதும் என்றார் தலைவன். "அப்ப எதுக்கு இந்த வண்டி?" என்றார் அந்த அம்மா.

கோட்பாடு

அந்த ஒரு கேள்வியிலிருந்து இவ்வாய்வின் கோட்பாடு முழுவதையும் வருவிக்கலாம். தமிழ் மண்ணில் திறந்த ஊர்தியில் ஏற உரிமை பெற்றவர் நால்வர். முதலாமவர் உற்சவ மூர்த்தி. இரண்டாமவர் தேர்தல் காலத்துத் தலைவர். மூன்றாமவர் மாப்பிள்ளை. நாலாமவருக்குத் தாம் ஏறியிருப்பது தெரியாது.

மூன்றாமவர் நம் ஆய்வுக்கு மிக நெருக்கம். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, முன்னால் நாதஸ்வரம், பக்கத்தில் விளக்குத் தூக்கிகள் என்று நடத்திய ஜானவாசம் பெரியவர்கள் நினைவில் இன்னும் இருக்கும். வாடகைக்கு வரும் அந்தப் பழைய அமெரிக்கக் கார், நாதஸ்வரக்காரரின் நடைக்கு ஈடாக ஊர வேண்டும். எஞ்சின் சூடேறும். கிளட்ச் கருகி வாசம் வரும். மாப்பிள்ளையைச் சுற்றி அழைத்தவரும் அழைக்காதவருமாகச் சிறுவர் கூட்டம் ஏறி அடைந்துகொள்ளும். ஊரே வாசலில் நின்று, மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா, கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். கூரை இல்லாததன் பயனே அதுதான். வாழ்நாளில் ஒரு மாலை அதைச் சகித்துக்கொண்டால் போதும். தலைவனோ திங்கள் முதல் வெள்ளி வரை, காலை மாலை இரு வேளையும் ஜானவாசம் போகிறார். மணப்பெண்ணும் இல்லை, மேளமும் இல்லை. முடிவில் வருகைப்பதிவு எந்திரத்தில் கைரேகை வைக்க வேண்டும்.

தலைவர்களே இந்த உரிமையைக் கைவிட்டுக் காலமாயிற்று. 1963 நவம்பரில் டல்லஸில் கென்னடி சுடப்பட்டது திறந்த லிங்கன் காரில். அதே காருக்குப் பின்னர் நிரந்தரக் கூரை போட்டுப் பணிக்கு அனுப்பினார்கள். 1981இல் போப் சுடப்பட்டதும் திறந்த வாகனத்தில்தான். பிறகு அவர் வண்டியைச் சுற்றிக் குண்டு துளைக்காத கண்ணாடி எழுந்தது. நம்மூர்த் தலைவர்கள் வேனின் கூரையில் ஓர் ஓட்டை போட்டு, வேண்டும்போது எழுந்து கையசைத்து, வேண்டாதபோது உட்கார்ந்து ஏசி வாங்கிக்கொள்ளும் நடுவழியைக் கண்டார்கள். பொதுமக்கள் அதை உடனே பற்றிக்கொண்டனர். இன்று பத்துப் பன்னிரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கும் சன்ரூஃப் உண்டா என்பதே முதல் விசாரிப்பு. பிள்ளைகளை அதில் நிற்க வைத்து ஈசிஆரில் ஓட்டிச் செல்கிறார்கள். சட்டெனப் பிரேக் பிடித்தால் என்னாகும் என்று போலீஸ் எச்சரித்தும் கேட்பதில்லை. சன்ரூஃப் என்பது உலா போகும் ஆசைக்குத் தவணை முறையில் கிடைக்கும் வடிகால்.

பழைய தமிழ்ப் படங்களைச் சான்றாகக் காட்டி, கதாநாயகன் திறந்த காரில் தினமும் போகவில்லையா என மறுப்போர் உளர். போனார். காதல் பாட்டுக்கு மட்டும் போனார். அதுவும் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள். கார் அசையாமல் நிற்க, பின்திரையில் சாலைதான் ஓடியது. சென்னையில் தலைவனின் காரும் அசையாமல் நிற்கிறது, ஆனால் சாலையும் ஓடுவதில்லை.

முடிபு

கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரைத் தினசரி வாகனமாகக் கொள்வது பொறியியல்படி இயலும். வேகத்தடை கணக்கு அதை நிறுவிவிட்டது. அரிசிச் சிப்பம் போகிறது. எரிபொருள் செலவு, சாலை வரி கட்டி முடித்தவருக்குப் பெரிதாகத் தோன்றாது. இயலாதது ஒன்றே: விசேஷம் இல்லாமல் விசேஷ வண்டியில் போவதை ஊருக்கு விளங்க வைப்பது. ஓட்டுபவர் வேலைக்குப் போகிறார் என்றால் நம்ப ஊர் தயாராயில்லை. தலைவன் இதை உணர்ந்துவிட்டார் என்பதற்குச் சான்று, தை பிறந்ததிலிருந்து கூரை திறக்கப்படவே இல்லை. கண்ணாடியை ஏற்றி, ஏசியைக் கூட்டி, மற்ற கார்களைப் போலவே அமைதியாகப் போகிறார். தலைவி கேட்ட எஸ்யூவிக்கு முன்பணம் கட்டியாயிற்று என்று வாட்ச்மேன் வழியாகத் தெரிகிறது.

முன்பனி வைகறை குறித்த பகுதி மட்டும் இன்னும் கள ஆய்வு செய்யப்படாமல் கிடக்கிறது. வரும் மார்கழியில் காலை நாலரை முதல் ஆறு வரை இத்தகைய வாகனம் ஒன்றை ஆய்வுக்கு இரவல் தர மனமுள்ள வாசகர்கள் கடிதம் எழுதலாம். பெட்ரோல் தங்கள் பொறுப்பு. போகியன்று வண்டி வேண்டாம்.